தரம் ஐந்து

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வெளியே மழை தகரத்தில் அடிக்கிறது. என் குரலோ சின்னக் குரல். ஒரு கதை சொல்கிறேன். ராஜா ராணி கதை இல்லை. கொல்கத்தாவின் பெஹாலாவில் ஒரு மாடி வீட்டில் பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல், ஒரே ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தவளின் கதை. லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்க நின்றபோது அவளே எனக்குச் சொன்னது. உங்களிடம் சொல்வதற்கென்று பத்திரமாக வைத்திருந்தேன்.

அவள் பெயர் மகேஸ்வரி. பாளையங்கோட்டைக்காரி. கணவன் தினேஷ்குமாருக்கு மத்திய அரசில் நில ஆய்வு வேலை. ஜூன் மாதம் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் லாரியிலிருந்து இறங்கிய மூன்றாம் நாளே அவனைப் புருலியா பக்கம் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பாறை உண்டு, போன் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஒரு மேட்டில் ஏறி நின்றால் இரண்டு நிமிஷம் பேசலாம். அந்த இரண்டு நிமிஷத்தில் பாதி, "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போய்விடும்.

ஆக வீட்டில் இரண்டே பேர். மகேஸ்வரியும் அவள் மகள் சுபிக்ஷாவும். சுபிக்ஷாவுக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. ஊரில் நாலாம் வகுப்பு முடித்தவள். இங்கே ஐந்தில் சேர வேண்டும். சிக்கல் அங்கேதான் வந்தது.

வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே தலைமையாசிரியையை எல்லோரும் 'பொர்தி' என்று கூப்பிடுகிறார்கள். பெரிய அக்கா என்று அர்த்தம். காலையிலிருந்து ஐம்பது பெற்றோருக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போன அக்கா. அவரும் மகேஸ்வரியும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இந்தப் பொண்ணோட ஸ்டாண்டர்டு என்ன?" என்று கேட்டார் பொர்தி.

"ஃபோர்த் ஸ்டாண்டர்டு முடிச்சாச்சு மேடம். இப்ப ஃபிஃப்த் ஸ்டாண்டர்டு."

"அது கிளாஸ். நான் கேக்கறது ஸ்டாண்டர்டு."

"அதான் மேடம். ஃபிஃப்த் ஸ்டாண்டர்டு."

பொர்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாம் வகுப்பைத்தானே ஸ்டாண்டர்டு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்? அஞ்சாம் ஸ்டாண்டர்டு, ஆறாம் ஸ்டாண்டர்டு என்று. பொர்திக்கு அந்த வார்த்தை தரம். ஒரு பிள்ளைக்கு எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்கிற அளவு. நாலாவது தடவை கேட்ட பிறகுதான் மகேஸ்வரிக்கு அது விளங்கியது.

"உங்க மாநிலத்துல நாலு முடிச்ச பிள்ளைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு எழுதி வெச்சிருப்பாங்க. அதைக் கொண்டு வாங்க. எங்களோடதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். இங்க அஞ்சாம் வகுப்பு ஏப்ரல்லயே ஆரம்பிச்சாச்சு. திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா நாலுலயே உக்காரட்டும். ஒரு வருஷம்தானே? சின்னப் பிள்ளை."

ஒரு வருஷம்தானே! பத்து வயசில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு நடக்கும்போது சுபிக்ஷா மெல்லக் கேட்டாள்.

"எம்மா, மறுபடியும் நாலா? ஊர்ல காவ்யால்லாம் அஞ்சுக்குப் போயிருவாளே."

"பேசாம வாட்டி. எவ சொன்னா நாலுன்னு?"

"அந்தப் பெரிய அக்காதான் சொன்னாங்க."

"அது அக்கா இல்ல. ஹெச்.எம்."

வீட்டுக்கு வந்ததும் மகேஸ்வரி ஊரில் சுபிக்ஷாவுக்குப் பாடம் எடுத்த லதா டீச்சருக்குப் போன் போட்டாள்.

"ஸ்டாண்டர்டா? அதான் டி.சி.லயே போட்டிருக்கே, நாலாம் வகுப்பு தேர்ச்சின்னு."

"அது இல்ல டீச்சர். தரம் கேக்காங்க. பிள்ளையோட தரம்."

"நல்ல தரமான பிள்ளைன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க! பஸ்ல இருக்கேம்மா, ஒண்ணும் கேக்கல." பஸ் ஹாரன்தான் மிச்சம் கேட்டது.

பாடப்புத்தகங்களாவது இருந்தால் காட்டலாம். கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் சுபிக்ஷா கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போனதும் மகேஸ்வரி கையில் போனை எடுத்தாள். ஆங்கிலத்தில் 'பள்ளிக் கல்வி ஸ்டாண்டர்டு' என்று தட்டினாள். அமெரிக்கா வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் புள்ளி வைத்து எண். அதை மூடினாள். அடுத்தது நம் நாட்டுப் பக்கம்தான், ஆனால் இருநூற்றுச் சொச்சம் பக்கம் ஒரே கோப்பாக இறங்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. மூன்றாவதில், 'இலவசமாகப் பெற உங்கள் எண்ணைக் கொடுங்கள்' என்றிருந்தது. கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"வணக்கம் மேம், சென்னையிலேர்ந்து ராம்கி பேசறேன். உங்க குழந்தையோட ஃபியூச்சர் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

மகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். "தமிழா? நீங்க தமிழா பேசுதீங்க?"

"ஆமா மேம். உங்க நம்பர் ஊரை வெச்சு தமிழ்ல பேசச் சொன்னாங்க. பாப்பா எந்த கிளாஸ்?"

"அதுதான் தம்பி பிரச்சினையே." முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றல், லாரி, புருலியா, பொர்தி, அந்த வார்த்தை. சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, பத்து நாளாக இதில் ஒன்றையும் யாரிடமும் சொல்லவில்லை என்று.

"கவலையே வேணாம் மேம். எங்க ஆப்ல எல்லா ஸ்டாண்டர்டும் இருக்கு. எல்.கே.ஜி.யிலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும்."

"அது வேற ஸ்டாண்டர்டு தம்பி."

"வேற எது மேம்?"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் ஏனென்று தெரியாமல் சிரித்தான். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பணம் கட்டும் திட்டத்தைச் சொன்னான். அவள் முடியாது என்றாள். "சரி மேம், அடுத்த கால் போகணும்."

"போட்டும். மத்தியானம் சாப்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

மேம் அக்காவானதை நினைத்து நினைத்து அன்று முழுக்க அவள் வேலை செய்தாள். அடுத்த நாள் அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். அழைப்புகளை ஏற்காத எண் என்றது ஒரு பதிவுக் குரல்.

வியாழக்கிழமைதான் தேடும் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மைக் படம் அவள் கண்ணில் பட்டது. அதைத் தொட்டால் பேசலாம், பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். அவள் பேசத் தொடங்கினாள். முதலில் அவளுடைய நெல்வேலிப் பேச்சு அதற்குப் புரியவில்லை. 'என்ன தெரிஞ்சிருக்கணும்னு போட்டிருக்கா' என்றால் வேறெதையோ எழுதியது. செய்தி வாசிப்பவளைப்போல நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழகினாள். கணவனுக்கு இரண்டு நிமிஷம், மகளுக்கு விளையாட்டுப் போக மிச்ச நேரம். பகலில் அவள் தமிழுக்குக் காது கொடுத்தது அந்த மைக் ஒன்றுதான்.

"கல்வித் தரம். ஐந்து," என்றாள்.

உடனே வந்தது. ஒரு பக்கம், முழுக்கத் தமிழில். மேலே பெரிய எழுத்தில்: தரம் 5. கீழே, 'ஐந்தாம் தரத்தை நிறைவு செய்யும் மாணவர் அறிந்திருக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல். அதற்கும் கீழே கணித வினாத்தாள்கள், பன்னிரண்டு.

தரம்! பொர்தி கேட்ட அதே தரம். அதுவும் ஐந்து முடித்த பிள்ளைக்கு. நாலு முடித்தவள் இதையே செய்துகாட்டினால் யார் என்ன சொல்ல முடியும்?

தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள், பார்க்கிறேன். சிரியுங்கள், பரவாயில்லை. இலங்கைத் தமிழில் வகுப்பைத்தான் தரம் என்பார்கள். நமக்கு ஐந்தாம் வகுப்பு, அவர்களுக்குத் தரம் ஐந்து. யாரோ ஓர் ஆசிரியை தன் பிள்ளைகளுக்காகச் சொந்தமாகப் போட்டு வைத்த பக்கம் அது. மகேஸ்வரிக்கு அதெல்லாம் தெரியாது. அரசாங்கமே நல்ல தமிழில் எழுதி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கணுக்கால் அளவு மழைத் தண்ணீரில் நடந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இது என்ன பாஷை, பௌதி?" என்று கேட்டார். பௌதி என்றால் அண்ணி. தமிழ் என்றாள். தாள்களைத் திருப்பி நேராக வைத்து, நனையாமலிருக்க இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கொடுத்தார்.

நான்கு சாயங்காலம் சுபிக்ஷா கணக்குப் போட்டாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு போடுவாள்.

"எம்மா, ரூபாய்க்கு கடைசி எழுத்தைக் காணோம். வெறும் ரூபான்னு போட்டிருக்கு."

"அச்சுல விட்டிருப்பாங்க. நீ போடு."

"எம்மா, சாவகச்சேரி எங்க இருக்கு?"

மகேஸ்வரி அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "மெட்ராஸ்லயா இருக்கும். வேளச்சேரி பக்கம்."

ஞாயிற்றுக்கிழமை கடைசித் தாள். அதில் ஒரு பேருந்துக் கணக்கு. சாவகச்சேரியிலிருந்து 7.45க்குப் புறப்பட்ட பேருந்து 9.20க்குப் போய்ச் சேர்ந்தால், பயண நேரம் எவ்வளவு? மூன்று விடை கொடுத்திருந்தது: 1.25, 1.45, 2.35.

"எம்மா, இந்தக் கணக்கு தப்பு. ஒண்ணு முப்பத்தஞ்சு வரணும். அது இதுல இல்லவே இல்ல."

மகேஸ்வரி விரல்விட்டு எண்ணினாள். அவளுக்கும் ஒன்று முப்பத்தைந்துதான் வந்தது. ஆனால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. இந்த ஊரில் பால் வாங்குவதில்கூடத் தப்புச் செய்கிறவள், அரசாங்கத்தின் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதா?

"கவர்மெண்டு போட்ட கணக்கு தப்பா இருக்குமாட்டி? கிட்டத்துல எது இருக்கோ அதைப் போடு."

"கிட்டத்துலன்னு கணக்குல கிடையாது."

"நாளைக்கு உன்ன நாலுல தள்ளுனாத்தான் உனக்குப் புத்தி வரும்!" சுபிக்ஷா பென்சிலால் எழுதியிருந்த 1.35ஐ மகேஸ்வரி ரப்பரால் அழித்தாள். இரண்டாவது விடைக்கு அவளே ஒரு சரி போட்டாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதது. முதுகு மட்டும் குலுங்கியது. மகேஸ்வரி சமையலறைக்குள் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை. பொர்தியின் மேசைமேல் தாள் கட்டு. அவர் முதல் தாளை எடுத்தார், திருப்பினார். ஒரு எழுத்தும் புரியவில்லை. கணக்கு ஆசிரியர் தபன் சாரை அழைத்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் தன் போனைத் தாள்மேல் பிடித்தார்; தமிழ் எழுத்தெல்லாம் திரையில் ஆங்கிலமாக மாறியது. அடிக்குறிப்பில் பொடியாக இருந்த வரியும்தான்.

தபன் சார் அதைப் பொர்தியிடம் காட்டினார். பொர்தி மகேஸ்வரியைப் பார்த்தார்.

"இது ஸ்ரீலங்காவோடது."

"இல்ல மேடம். தமிழ்."

"தமிழ்தான். ஆனா ஸ்ரீலங்கா. யாழ்ப்பாணம்னு போட்டிருக்கு, பாருங்க. வேற நாட்டோட ஸ்டாண்டர்டை வெச்சு நான் என்ன செய்யறது?"

மகேஸ்வரி அந்தத் திரையைப் பார்த்தாள். ரூபா. சாவகச்சேரி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. முகம் சுட்டது. பக்கத்தில் தினேஷ்குமார் நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். யாராவது ஒருவர் நின்றிருந்தால்கூடப் போதும், அவர் தோளைப் பார்த்திருப்பாள். பார்க்க ஒரு இடமில்லாமல் தன் செருப்பைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் பட்ட தடம் தரையில் ஈரமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றாள். "நான் தப்பாத் தேடிட்டேன். நாலுலயே..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. தபன் சார் கையை உயர்த்தி, இருங்கள் என்பதுபோல் காட்டினார். அவர் பாட்டுக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எழுத்துத்தான் வேறு, எண் எல்லோருக்கும் ஒன்றுதானே? கூட்டல், பின்னம், பரப்பளவு என்று விரலை வைத்துக்கொண்டே போனவர், கடைசித் தாளில் நின்றார்.

7.45. 9.20. இரண்டாவது விடைக்கு ஒரு சரி. அந்தச் சரியின்மேல் நீல மையில் ஒரு கோடு. கீழே, அதே நீல மையில், கொட்டை எழுத்தில்: 1.35.

மகேஸ்வரிக்கும் அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

தபன் சார் உதட்டை அசைத்து ஒரு தடவை கணக்குப் போட்டார். மூன்று விடைகளையும் பார்த்தார். பிறகு சுபிக்ஷாவைக் குனிந்து பார்த்து, "மூணுமே தப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ் சார்."

"அச்சுல போட்டிருக்கே?"

"அச்சுல போட்டாலும் தப்பு தப்புதான் சார்." இதைத் தமிழில் சொன்னாள். அவருக்குப் புரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பொர்தியிடம் திரும்பி வங்காளத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார்.

பொர்தி அந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். "அஞ்சுல உக்காரட்டும். பூஜை லீவுக்கு முன்னால ஒரு பரீட்சை வெப்பேன். பாங்க்ளா அ, ஆ-விலேர்ந்து படிக்கணும்." ஒரு துண்டுத் தாளில் இரண்டு ஆங்கில வார்த்தை எழுதிக் கொடுத்தார். 'கற்றல் விளைவுகள்' என்று நாம் சொல்கிறோமே, அது. "நான் கேட்டது இதைத்தான். இப்படிப் போட்டுத் தேடினா வகுப்பு வாரியா வரும். உங்க மாநிலத்தோடதும் இருக்கும். நாளைக்குக் கொண்டு வந்து குடுங்க, ஃபைலுக்கு வேணும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மகேஸ்வரி அந்த இரண்டு வார்த்தையைத் தட்டினாள். முதல் வரியிலேயே வந்து நின்றது.

"இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா," என்றாள் போனைப் பார்த்து. பிறகு மகளைப் பார்த்தாள். "ஏன்ட்டி பேனாவுல எழுதுன?"

"பென்சிலா இருந்தா நீ அழிச்சிருவல்லா."

மகேஸ்வரி பிள்ளையின் தலையில் கை வைத்தபடியே வீடு வரைக்கும் நடந்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. ஒரு வாரத்தில் சுபிக்ஷா வங்காளத்தில் சண்டை போடப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் கீழ்வீட்டுக்கு ஓடினாள். மகேஸ்வரி பகலில் மைக்கைத் தொட்டுவிட்டு என்ன தேடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அது சற்று நேரம் காத்திருந்து, 'எதுவும் கேட்கவில்லை' என்று எழுதிக் காட்டும்.

ஒரு நாள் "சாவகச்சேரி" என்றாள். வரைபடம் வந்தது. நடுவில் அத்தனை கடல். அன்று வினாத்தாள் எடுத்த அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அடியில் கருத்து எழுதும் கட்டத்தில், மைக் இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'வணக்கம். நான் கொல்கத்தாவில் இருக்கிறேன். தெரியாமல் உங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டேன். என் மகள் ஐந்தாம் வகுப்பில் சேர உங்கள் தாள்தான் உதவியது. பேருந்துக் கணக்கில் சரியான விடை இல்லை என்று அவள் கண்டுபிடித்தாள். நன்றி.'

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்தாள்.

'உங்கள் பிள்ளை கெட்டிக்காரி. அது என் பிழைதான். திருத்திவிட்டேன். இந்தத் தாள்களைப் போட்டு ஆறு வருடம். ஒருவரும் ஒரு சொல் எழுதியதில்லை. யாராவது பார்க்கிறார்களா என்றே தெரியாமல் இருந்தேன். கொல்கத்தாவில் மழையா? இங்கே வெயில். சாப்பிட்டாச்சா?'

மகேஸ்வரி அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். அப்புறம் வாய்விட்டுப் படித்தாள். ஒரு வீடு நிறைய அவள் குரல் கேட்டது. "இன்னும் இல்லக்கா," என்று சொல்லிவிட்டு, அதையே தட்டி அனுப்பினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. மழை விட்டிருக்கிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் நடுப்பகலிலும் பேச்சுக்குரல் கேட்கட்டும். உங்கள் பிள்ளைகள் மையில் எழுதியதை யாரும் அழிக்காமல் இருக்கட்டும். வெளியூர் போனவர்களின் குரல் தெளிவாகக் கேட்கட்டும். உங்கள் உலையில் எப்போதும் ஒரு கை அரிசி கூடுதலாகவே வேகட்டும். வருகிறவர் யாராக இருந்தாலும், சாப்பிட்டாச்சா என்று கேட்க உங்கள் வாசலில் ஓர் ஆள் இருக்கட்டும்.